சிக்கனம் காலடியில்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

மாலை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே எங்கள் பள்ளி வாயிலில் கார்கள் வந்து வரிசையாக நிற்கத் தொடங்கிவிடும். பெரும்பாலும் சிறிய கார்கள்தாம். கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருக்கும். உள்ளே ஏ.சி. ஓடும்; எஞ்சினும் ஓடும்; கார் மட்டும் ஓடாது.

"எங்கள் கார் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கும்" என்று எங்கள் வீடுகளில் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். நின்றுகொண்டே எரியும் பெட்ரோலுக்கு மைலேஜ் எவ்வளவு? சுழியம்தான்! கணக்கு டீச்சர் கற்றுக்கொடுத்த முறையில் நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நிறுத்தி வைத்த சிறிய காரின் எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும், ஏ.சி.யும் ஓடினால் இன்னும் கூடும். மணிக்கு 0.6 லிட்டர் என்றும், ஐம்பது கார்கள் என்றும், ஒவ்வொன்றும் பத்து நிமிடம் நிற்கிறது என்றும் வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 5 லிட்டர். 200 பள்ளி நாள்களுக்கு 1,000 லிட்டர்! லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஒரு லட்சம் ரூபாய். ஓரடி கூட நகராமல் ஒரு லட்சம் ரூபாய் புகையாகப் போகிறது.

புகை எங்கே போகிறது? அதையும் பார்க்க வேண்டும். வாயிலில் கைகோத்து நிற்கும் எல்.கே.ஜி. குழந்தைகளின் முகம், பெரியவர்களின் முகத்தைவிடப் புகைக்குழாய்க்கு மிக அருகில் இருக்கிறது. இதைக் கண்ட பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதுவது என்று முடிவு செய்தோம்.

"கார் ஓட்ட உரிமம் வாங்கவே பதினெட்டு வயது ஆக வேண்டும். பதினைந்து வயதில் உங்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவளுக்கும் வேகமானி தெரிகிறது. மேலும், தினம் இரண்டு வேளை அந்தக் கார் யாருக்காக ஓடுகிறது? எங்களுக்காகத்தானே! ஆகவே எங்களுக்கும் பேச உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு.

நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறோம். நம் காவிரிப் படுகையில் நரிமணம் போன்ற இடங்களில் எண்ணெய் கிடைத்தாலும் நாட்டின் தேவைக்கு முன் அது மிகச் சிறிது. வாங்குகிறவன் விற்கிறவன் வாயைப் பார்த்துத்தான் வாழ வேண்டும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் சில நாடுகளுக்கு எண்ணெய் தர மறுத்தபோது, சில மாதங்களுக்குள் எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவே நடுங்கியது. 1974-இல் அந்நாடு நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைலுக்கு மேல், அதாவது சுமார் 88 கிலோமீட்டருக்கு மேல், ஓட்டக் கூடாது என்று சட்டம் செய்தது. எண்ணெயை மிச்சப்படுத்த முதலில் நினைவுக்கு வந்தது புதிய எஞ்சின் அல்ல, வேகத்தைக் குறைப்பது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் 1995-இல் நீக்கப்பட்டது. அதிலுள்ள பாடம் நீங்கவில்லை.

நம் நாட்டில் 1978-இல் பி.சி.ஆர்.ஏ. என்ற பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதே சிக்கனம் என்று அது ஓட்டுநர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், குறைந்த எடை. நடுத்தரக் குடும்பங்கள் பல கார் என்ற ஒன்றை முதன்முதலாகக் கண்டது அதில்தான். 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. இன்றும் நம் தெருக்களில் எங்கேனும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. சிறிய கார் குறைவாகக் குடிக்கும் என்பது அன்று முதல் நம் மனத்தில் பதிந்துவிட்ட எண்ணம்.

அந்த எண்ணத்தில் பாதிதான் உண்மை என்பதே எங்கள் கருத்து. சிறிய கார் வாங்கிவிட்டதாலேயே சிக்கனம் வந்துவிடாது. அது ஓட்டுகிறவரின் காலடியில் இருக்கிறது. காரை வெளியே எடுக்கச் சொல்லும் நம் வாயிலும் இருக்கிறது.

முதலில் காலடியைப் பார்ப்போம். எங்களில் ஒருத்தியின் தந்தை வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தை நடத்துகிறார். மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் அந்த வீட்டில் பாடப் புத்தகமாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறுகிறது. ஆகையால் இந்த விஷயத்தில் அவரைவிடச் சிறந்த ஆசிரியர் எங்களுக்குக் கிடைக்கமாட்டார். அவர் சொன்னார்: "பிரேக்கில கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும், காசு கொடுத்து வாங்கின வேகத்தைக் கீழே கொட்டுறோம், பாப்பா."

மறுநாள் இயற்பியல் வகுப்பில் இதைச் சிஸ்டரிடம் சொன்னோம். சிஸ்டர் மகிழ்ந்துபோய் அதையே பாடமாக்கிவிட்டார்கள். பெட்ரோலிலுள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மீதி வெப்பமாக வீணாகிறது. சேர்ந்த அந்தக் கால்பங்கு இயக்க ஆற்றலாகிறது. பிரேக்கை அழுத்தினால் அதுவும் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது. எதிரே சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே போய், அருகில் சென்றதும் 'கிறீச்' என்று நிறுத்துகிறவர், இரண்டு முறை பணத்தைக் கொட்டுகிறார். தொலைவிலேயே காலை எடுத்துவிட்டால் கார் தானே வேகம் தணிந்து வரும். சில வேளை நாம் போய்ச் சேர்வதற்குள் பச்சை விளக்கே வந்துவிடும்.

வேகத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு எதிர்ப்பு 80-இல் இருக்கும். நான்கு வழிச்சாலையில் 100 கிலோமீட்டர் தூரம் போக வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 80 வேகத்தில் 75 நிமிடம். 100 வேகத்தில் 60 நிமிடம். மிச்சம் 15 நிமிடம். அதற்காகக் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தை வீட்டிலிருந்து முன்னதாகப் புறப்பட்டே பெற்றிருக்கலாம் அன்றோ?

அடுத்து, டயரில் காற்று. எங்களில் நால்வர் வீட்டில் போய்க் கேட்டோம்: "கடைசியாக எப்போது காற்று பார்த்தது?" இரண்டு வீட்டில் பதில் இல்லை. ஒரு வீட்டில் "வண்டி சர்வீஸுக்குப் போனபோது" என்றார்கள். காற்றுக் குறைந்த டயர் சாலையோடு அதிகம் ஒட்டி உருளும். எஞ்சினுக்கு வேலை கூடும். டயரும் ஓரம் தேயும். எத்தனை பவுண்டு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். செலவு மிகச் சொற்பம்.

டிக்கியைத் திறந்து பாருங்கள். போன பொங்கலுக்கு ஏற்றிய சாமான் இன்னும் அங்கே இருக்கும். மேலே சுமை இல்லாத கேரியர் காற்றைக் கிழித்துக்கொண்டே வரும். இவற்றை இறக்கி வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஏ.சி.யைப் பற்றியும் ஒரு வார்த்தை: எஞ்சின் சிறியதானால் ஏ.சி. பிடுங்கும் பங்கு பெரிதாகத் தெரியும். நகரத் தெருவில் மெதுவாகப் போகையில் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகையில் கண்ணாடி திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து இழுக்கும். அங்கே மூடிக்கொள்வதே சரி. நிழலில் நிறுத்தினால் இரண்டுக்கும் தேவை குறையும்.

சிக்கனம் என்ற பெயரில் சிலர் செய்யும் தவறு ஒன்றை இங்கே எழுதாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை. ஏற்காட்டிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் இறங்கும்போது கியரை நியூட்ரலில் போட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினையே அணைத்து விடுகிறவர்களும் உண்டு. இதில் மிச்சம் உண்டா? இன்றைய கார்களில் கார்புரேட்டர் இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். பெட்ரோல் தெளிப்பது தானாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக, நியூட்ரலில் இறங்குவது சிக்கனமே அல்ல. எஞ்சினை அணைத்தாலோ பிரேக்குக்குத் துணை செய்யும் சக்தி சிறிது நேரத்தில் போய்விடும்; ஸ்டியரிங்கும் கனத்துவிடும். மலை ஏறும் கியரிலேயே மலை இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. சுற்றுலா முடிந்து வீடு திரும்பும் குடும்பத்தின் உயிரைவிடக் கால் லிட்டர் பெட்ரோல் பெரிதா?

காந்தத்தைக் குழாயில் கட்டு, மாத்திரையை டாங்கியில் போடு, மைலேஜ் கூடும் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்தியது ஒன்றும் இல்லை என்றே அது சொல்கிறது. அந்தக் காசுக்கு டயரில் காற்று அடிக்கலாம்.

இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் சற்றே குறைவது இயல்பு. உடனே காரையும் மெக்கானிக்கையும் திட்ட வேண்டாம். எதையும் அளந்து பார்த்தே பேச வேண்டும். டாங்கியை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்து, ஓடிய தூரத்தை அதனால் வகுங்கள். அது ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் தம் காரின் மைலேஜ் என்னவென்று கேட்டால் கம்பெனி சொன்ன எண்ணைச் சொல்கிறவர்களே அதிகம்.

அளந்தால் என்ன பயன்? மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் கார் லிட்டருக்கு 12 கொடுத்தால் 50 லிட்டர் வேண்டும்; 15 கொடுத்தால் 40 லிட்டர் போதும். மாதம் 10 லிட்டர், ஆண்டுக்கு 120 லிட்டர் மிச்சம். பணமாகப் பார்த்தால் சுமார் பன்னிரண்டாயிரம் ரூபாய். புகையாகப் பார்த்தால் இன்னும் வியப்பு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோல் எப்படி 2.3 கிலோ ஆகும் என்று நாங்களும் கேட்டோம். கார்பனோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சேருவதால் எடை கூடுகிறது என்று வேதியியல் ஆசிரியை விளக்கினார்கள்.

இனி, காலடியை விட்டு வாய்க்கு வருவோம். இது எங்களைப் பற்றியது. ஆகவே எழுதச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

குளிர்ந்த எஞ்சின் அதிகம் குடிக்கும். வீட்டில் புறப்பட்டு எஞ்சின் சூடேறும் முன்பே பள்ளி வந்துவிட்டால், அந்த ஒரு கிலோமீட்டர்தான் அன்றைய நாளின் மிக மோசமான கிலோமீட்டர். புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் சூடான பிறகே நன்றாக வேலை செய்யும். எங்கள் வகுப்பில் பள்ளிக்கு மிக அருகில் குடியிருந்தும் காரில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். "தூங்கி எழுந்திருக்க நேரமாகிவிட்டது" என்றாள் ஒருத்தி. "பை கனக்கிறது" என்றாள் இன்னொருத்தி. கொஞ்ச நேரம் பேசிய பிறகு உண்மை வெளியே வந்தது: வாயிலில் காரிலிருந்து இறங்குவதில் ஒரு பெருமை இருக்கிறது. நடந்து வருகிறவளின் முன் கதவைத் திறந்து இறங்கும்போது அது நமக்குத் தெரிகிறது, அவளுக்கும் தெரிகிறது. கர்த்தர் முன்னிலையில் எல்லாரும் சமம் என்று காலை ஜெபத்தில் சொல்லிவிட்டு, வாயிலில் அப்படி இறங்குவது முறையா?

மறந்துபோன ஜியாமெட்ரி பெட்டிக்காகவும், டிபன் பாக்ஸுக்காகவும் அப்பா எத்தனை முறை திரும்பி வந்திருக்கிறார்! இரவே பையை அடுக்கி வைத்திருந்தால் அந்தப் பெட்ரோல் முழுவதும் மிச்சம். எஞ்சினைச் சரிபார்க்கும்முன் எங்கள் பையைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. மைலேஜ் கூடினால், "நம் கார்தான் கொஞ்சமாகக் குடிக்கிறதே" என்று தெருமுனைக் கடைக்கும் காரை எடுக்கத் தோன்றும். ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1865-இலேயே நிலக்கரியைப் பற்றி இப்படி எழுதினார். நீராவி எஞ்சின்கள் சிக்கனமாக ஆக ஆக, நிலக்கரியின் மொத்தச் செலவு குறையவில்லை, கூடியது என்று அவர் காட்டினார். மிச்சம் மிச்சமாகவே இருந்தால்தான் அது சிக்கனம். இல்லாவிட்டால் ஒரு கையால் சேர்த்ததை மறு கையால் இறைப்பதாகும்.

சாலையைச் சீராக்குவதும், பேருந்துகளைப் பெருக்குவதும், நல்ல கார் செய்யச் சொல்வதும் அரசாங்கத்தின் கடமைதான். நடந்து வருகிற பிள்ளைகளுக்கு ஏற்ற நடைபாதை இல்லாததும் உண்மைதான். பெண் பிள்ளையைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சுவதையும் நாங்கள் அறிவோம். அதனால்தான் 'எல்லாரும் நடந்து வாருங்கள்' என்று நாங்கள் எழுதவில்லை. கூடியதைச் செய்வோம் என்றே எழுதுகிறோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 செப்டம்பரில் அமெரிக்கா சென்றபோது, பெரிய பெரிய வாகனங்களின் நடுவே ஒரு சிறிய ஃபியட் 500எல் காரில் ஏறிச் சென்றதை உலகமே பார்த்தது. அதே ஆண்டு வெளிவந்த 'லௌதாத்தோ சி' என்ற சுற்றுமடலில், படைப்பைப் பாதுகாக்க நாம் செய்யக்கூடிய சிறு சிறு அன்றாடச் செயல்களைச் சொல்லும்போது, பொது வாகனத்தில் செல்வதையும் பலர் சேர்ந்து ஒரே காரில் செல்வதையும் அவர் சேர்த்திருக்கிறார். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர், மீந்த துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னதை நாம் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். அப்பத்தைப் பெருக்க வல்லவரே துண்டுகளைச் சேர்த்தார் என்றால், ஒரு சொட்டு எண்ணெயைக்கூடப் பெருக்க முடியாத நாம் என்ன செய்ய வேண்டும்?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். அன்பார்ந்த பெற்றோர்களே! வாயிலில் வந்து நின்றதும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். பத்து நொடிக்கு மேல் நிற்பதானால், அணைத்து மறுபடி கிளப்புவதே இன்றைய கார்களில் சிக்கனம். ஒரே தெருவில் இருக்கும் மூன்று வீட்டார் முறை வைத்து ஒரே காரில் மூன்று பேரை அழைத்து வாருங்கள். அருகில் இருப்பவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது எங்களோடு நடந்து வாருங்கள். பேசவும் ஒரு நேரம் கிடைக்கும். மதிப்பிற்குரிய சிஸ்டர்களே! காத்திருக்கும் பெற்றோர் காரை விட்டு இறங்கி உட்கார வாயிலின் உள்ளே, வேப்பமர நிழலில், நான்கு பெஞ்சு போட்டுத் தாருங்கள். நிழல் இருந்தால் ஏ.சி. வேண்டியதில்லை.

நாங்கள் என்ன செய்வோம்? மணி அடித்ததும் அரட்டை அடிக்காமல் வாயிலுக்கு வந்துவிடுவோம். இரவே பையை அடுக்கி வைப்போம். மாதம் ஒரு முறை அப்பாவுக்கு டயர் காற்றை நினைவூட்டுவோம். இன்னும் மூன்று ஆண்டுகளில் எங்களில் பலர் கார் ஓட்டக் கற்றுக்கொள்வோம். அப்போது எங்கள் கால் எப்படி மிதிக்கும் என்பது இன்று பின் இருக்கையிலிருந்து நாங்கள் எதைப் பார்த்துப் பழகுகிறோம் என்பதைப் பொறுத்தது.

அந்த வாடகைக் கார் அப்பா மாலையில் மகளை அழைக்க வருவதில்லை, சவாரி இருக்கும். அவள் நடந்துதான் போகிறாள். எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும் அந்தக் கார் வரிசையைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். நாளை முதல் அந்த வரிசை அமைதியாக இருக்கட்டும்.